விடை சரி, வழி தப்பு!



பிளஸ் ஒன் கணக்கு என்றாலே அண்ணன், அக்காமார் பயப்படுகின்றனர். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் கூட அங்கே தடுமாறுவதுண்டு. நுண்கணிதம் போன்ற புதுப் பாடங்கள் வருவதால் தான் இந்தக் கஷ்டம் என்கின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், ஆறாம் வகுப்பிலேயே இருக்கிறது.

போன வருடம், என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன், பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்துடன் வீட்டுக்கு வந்தான். நுண்கணிதத்தில் ஒரு கணக்கு. மேலே, எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 9. கீழே, எக்ஸ் மைனஸ் 3. எக்ஸ், 3ஐ நெருங்கும் போது இந்தப் பின்னம் எந்த எண்ணை நெருங்கும் என்பது கேள்வி.

எக்ஸ் ஸ்கொயரை எக்ஸால் அடித்தான். 9ஐ 3ஆல் அடித்தான். மைனஸுக்கு மைனஸ் பிளஸ் என்றான். 'எக்ஸ் பிளஸ் 3. அப்போ விடை 6, டீச்சர்' என்றான். புத்தகத்திலும் விடை 6 தான்!

'விடை சரி, வழி தப்பு' என்றேன். அவன் நம்பவில்லை.

மைனஸ் இருந்த இடங்களில் பிளஸ் போட்டுக் கொடுத்தேன். மேலே, எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் 9. கீழே, எக்ஸ் பிளஸ் 3. அதே போல அடித்தான். மறுபடியும் எக்ஸ் பிளஸ் 3 வந்தது. 'எக்ஸுக்கு 1 போட்டுப் பார்' என்றேன். மேலே 10, கீழே 4, வகுத்தால் இரண்டரை. அவன் விடைப்படி 4 வர வேண்டும். திருதிருவென விழித்தான்.

'நீங்க தானே டீச்சர், மேலேயும் கீழேயும் அடிக்கச் சொல்லிக் கொடுத்தீங்க?' என்று கேட்டான். சுருக்கென்றது. அவன் சொன்னது உண்மை. எப்படி அடிப்பது என்று சொல்லிக் கொடுத்தேனே தவிர, எப்போது அடிக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்லவில்லை.

அதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். 6/8 என்பதை மேலே 2×3, கீழே 2×4 என்று எழுதலாம். 2ஐ அடித்தால் 3/4. சரி. ஆனால், மேலே 2+3, கீழே 2+4 என்று இருந்தால்? அது 5/6. அங்கேயும் 2ஐ அடித்தால் 3/4 வரும், தப்பு! மேலேயும் கீழேயும் முழுதும் பெருக்கலாக இருந்தால் அடிக்கலாம். கூட்டல், கழித்தலாக இருந்தால் அடிக்கக் கூடாது. அந்த மாணவன், மேலே உள்ளதை (எக்ஸ் பிளஸ் 3) × (எக்ஸ் மைனஸ் 3) என்று பிரித்து, எக்ஸ் மைனஸ் 3ஐ முழுதாக அடித்திருக்க வேண்டும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 16/64ல் இரண்டு 6களையும் அடித்தால் 1/4, விடை சரி! அதே போல 13/39ல் 3களை அடித்தால் 1/9. உண்மையான விடையோ 1/3. அதிர்ஷ்டத்தில் வந்த விடை, அடுத்த கணக்கில் காலை வாரி விடும்.

விடுமுறையிலேயே மேல் வகுப்புப் பாடத்துக்கு டியூஷன் போகிறவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாடி கட்டும் முன், அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டாமா? விடுமுறையில் போன வருடப் புத்தகத்தை எடுங்கள். பின்னம், மைனஸ் எண்கள், அடைப்புக்குறி இந்த மூன்றையும் மறுபடி போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் 'ஏன்?' என்று கேளுங்கள். காரணம் தெரியவில்லை என்றால், வெட்கப்படாமல் ஆசிரியரிடம் கேளுங்கள். செய்த தப்புகளை எழுதி வைக்க, தனி நோட்டு ஒன்று போடுங்கள்.

அந்த மாணவன் என்ன செய்தான் தெரியுமா? ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கையின் கணக்குப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். தங்கை சிரித்தாளாம். சிரித்தால் சிரிக்கட்டும்! உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். புத்தகம் இப்போதே உங்கள் பையில் தானே இருக்கிறது?