ஒன்றாம் வகுப்பில் படிப்பு நடக்கவில்லையா?

"பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. நோட்டைத் திறந்தா வெறும் தாள். கேட்டா பாட்டுப் பாடினோம், பொம்மை காட்டினாங்கன்னு சொல்லுது." அரசுத் தொடக்கப் பள்ளி வாசல்களில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் விளையாட்டுத்தான், படிப்பில்லை என்ற இந்த நம்பிக்கையால் பல குடும்பங்கள் கடன் வாங்கியாவது தனியார் பள்ளியைத் தேடிப் போகின்றன. பெற்றோரின் கவலை நியாயமானது. அவர்கள் வந்து சேரும் முடிவுதான் தவறு.

பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டு நேச்சர் இதழில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களையும் முடியும் சொற்களையும் இனம் பிரிக்கச் சிறு பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தார்கள். நம் மொழியில் சொன்னால் மோனையும் இயைபும். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் வாசிப்பில் முன்னேறினார்கள். ஒலியோடு எழுத்தையும் சேர்த்துப் பழகியவர்கள் மற்ற எல்லோரையும் முந்தினார்கள். 'கல், பல், மரம்: இதில் எது சேராதது?' என்று ஆசிரியர் கேட்கும்போது வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்கலாம். நடப்பது வாசிப்புப் பாடம்.

விளையாட்டுக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஒன்று முதல் பத்து வரை வரிசையாக எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்துவதுதான் விளையாட்டு. காய் தாண்டும் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆடியதிலேயே எண் அறிவு கூடியது; ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது குறையவில்லை. எண்களுக்குப் பதில் வண்ணங்கள் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, எந்த விளையாட்டு, எதற்காக என்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை யுகேஜியிலேயே நூறு வரை எழுதுதே?" எழுதும். அதே பிள்ளையிடம் 'இருபத்து மூன்று' என்று சொன்னால் 203 என்று எழுதிக் காட்டவும் வாய்ப்பு உண்டு. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது: இருபது, மூன்று. பத்துக் குச்சிகளை ரப்பர் பேண்டால் கட்டி, இரண்டு கட்டும் மூன்று உதிரியும் எடுத்து வைத்த பிள்ளைக்கு அந்த 2 எங்கே நிற்க வேண்டும் என்று கை சொல்லும். அதற்கு ஆகும் நாட்களில் நோட்டில் ஒன்றும் ஏறாது.

எழுத்தும் இப்படித்தான். அ முதல் ன் வரை 247 எழுத்துகளையும் பார்த்தெழுதிவிட்டு ஒரு சொல்லைக்கூடச் சேர்த்து வாசிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். ட, ப, ம என எளிய கோடுகளால் ஆன எழுத்துகளில் தொடங்கும் முறையில், மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தவுடன் படம், மடம், பட்டம் எல்லாம் வாசிக்க வந்துவிடும். படிக்கத் தெரிந்துவிட்டது என்ற அந்த மகிழ்ச்சியை எந்த நோட்டும் காட்டாது.

வீட்டுப்பாடம் தராததும் ஒரு குறையாகச் சொல்லப்படுகிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் இந்த வகுப்புகளின் புத்தகப்பை 1.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. விதியை மதிக்கும் பள்ளியைச் சோம்பல் என்று பழிப்பது அநியாயம்.

குறை இல்லாமல் இல்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழகத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இழப்பு பெரிது. அதை ஈடுகட்டவே 2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தரச் சொல்கிறது அது. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, கூடவே எமிஸ் என்னும் கல்வித் தகவல் இணையதளப் பதிவுகளையும் செய்யும் பள்ளியில் அது எப்படி முழுமையாக நடக்கும்? கோபப்பட வேண்டிய இடம் இதுதான். பாட்டின் மீதும் பொம்மலாட்டத்தின் மீதும் அல்ல.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: "என் பிள்ளை இப்போ அரும்புல இருக்கா, மொட்டுல இருக்கா? அடுத்த நிலைக்குப் போக வீட்டில் நாங்க என்ன செய்யணும்?" கூடுதல் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே கூட்டத்தில் தீர்மானமாகப் போடுங்கள்.