கருவியைக் கொடுத்து வாயைக் கட்டுதல்

நூலகர்களுக்குச் சமூக வலைத்தளங்களைக் கையாளக் கற்றுத்தர வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இலக்கிய வாசகர்களிடையே இரண்டு எதிர்வினைகளைக் காண்கிறோம். புத்தகத்தை அடுக்கி வைக்கவே ஆளில்லாத இடத்தில் இதெல்லாம் எதற்கு என்பது ஒன்று. உலகமே மாறிவிட்டது, நூலகமும் மாறியாக வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது சோர்வில் பிறந்தது. பின்னது விளம்பர வாசகம். கருவி வந்தால் எல்லாம் வந்துவிடும் என்றோ, கெட்டுவிடும் என்றோ இரண்டு தரப்பும் நம்புகின்றன. எங்கள் சண்டை இந்த நம்பிக்கையோடுதான்.

இவ்வகைப் பயிற்சிகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது, அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரப் பொது நூலகத்தில் 2006-இல் நடந்த ஒரு முயற்சி. அந்நூலகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஹெலீன் ப்ளோவர்ஸ், ஸ்டீபன் ஏப்ரம் எழுதிய ஒரு கட்டுரையால் தூண்டப்பட்டு, ஊழியர்கள் ஒன்பது வாரங்களில் செய்து பார்க்க 23 சிறு காரியங்களை வகுத்தார். வலைப்பதிவு தொடங்குவது, ஃப்ளிக்கரில் படம் ஏற்றுவது, செய்தியோடைகளைத் திரட்டுவது, டெலிஷியஸில் சுட்டிகளைச் சேமிப்பது, விக்கியில் ஒரு வரியாவது எழுதுவது என்று அந்தப் பட்டியல் போகும். வகுப்பு கிடையாது, பயிற்றுநர் கிடையாது. தெரியாததைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வேலை நேரத்திலேயே செய்யலாம். சொந்தப் பெயரில் எழுதத் தயங்குபவர் புனைபெயரில் எழுதலாம். முடித்தவர்களுக்கு ஓர் எம்பி3 கருவி பரிசு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டதால் பல நாட்டு நூலகங்கள் இத்திட்டத்தை எடுத்துத் தமதாக்கிக்கொண்டன.

அந்த 23 காரியங்களின் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் இடுகாட்டுப் பதிவேடு போலிருக்கிறது. ப்ளாக்லைன்ஸ் இல்லை. ரோல்யோ என்றால் இன்று யாருக்கும் தெரியாது. டெக்னோராட்டியின் வலைப்பதிவுத் தேடல் மறைந்துவிட்டது. டெலிஷியஸ் கைமாறிக் கைமாறி 2017-இல் தன் போட்டியாளரான பின்போர்டிடமே வந்து சேர்ந்து, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி உறைந்தது. செய்தியோடைக்குக் கூகுள் ரீடரை நம்பியவர்கள் 2013-இல் தெருவுக்கு வந்தார்கள். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று மட்டும் கற்றவரின் கல்வி அந்தந்தப் பொத்தானோடு செத்துப்போயிற்று. புதிய ஒன்றைப் பயமில்லாமல் திறந்து, கெடுத்து, மறுபடி சரிசெய்து பார்க்கக் கற்றவருக்கு நட்டமில்லை. சார்லட் ஊழியர்களுக்குக் கிடைத்த நேரமும் அனுமதியும்தான் அத்திட்டத்தின் உயிர் என்று நாங்கள் கருதுகிறோம். பட்டியல் அதன் சட்டை.

நம்மூருக்கு வந்து சேர்ந்தது சட்டை மட்டும். நூலகர்களுக்கான ஒருநாள் பயிலரங்கு எப்படி நடக்கும் என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். காலையில் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை. பிற்பகலில் திரையில் படங்கள். மாலையில் சான்றிதழ். மறுநாள் காலை ஊர்ப்புற நூலகர் தம் ஊர் திரும்பி, கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, நாளிதழ்களைப் பரப்பி, வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துத் தனியாக உட்காருவார். அங்கே அவரே நூலகர், அவரே உதவியாளர், அவரே காவலர். கற்றதைச் செய்து பார்க்க அவருக்கு ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் ஒதுக்கித் தருவதில்லை.

மீறி ஒரு பக்கம் தொடங்கப்பட்டாலும் அதில் என்ன வருகிறது? விழாப் படங்கள். மாலை, மேடை, பரிசு வாங்கும் சிறுவர்கள். நூலகத்துக்குள் இருக்கும் எந்த நூலைப் பற்றியும் பெரும்பாலும் ஒரு வரி இருப்பதில்லை. நூலகருக்கு ரசனையில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசை விமர்சிப்பதைத் தடுக்கின்றன. ஒரு நாவலைப் பற்றித் தன் கருத்தைச் சொல்வதை அவ்விதிகள் குற்றமாக்கவில்லை. ஆனால் அச்சம் விதியை விடப் பெரியது. எந்த எழுத்தாளரைப் பாராட்டினால் எந்தத் தரப்பு மனுப் போடும், எந்த அதிகாரி விளக்கம் கேட்பார் என்று யோசிப்பவர், பொன்னாடைப் படத்தையே பாதுகாப்பானதாகத் தேர்ந்தெடுக்கிறார். அவரை நாங்கள் பழிக்கவில்லை. பேசுவதற்கான இயந்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசும் உரிமையை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பவர்களைத்தான் பழிக்கிறோம்.

வேறுவிதமாகவும் நடந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் மாவட்ட நூலகம் 2005-இல் தன் இணையதளத்தையே ஊழியர்களின் வலைப்பதிவுகளைக் கொண்டு அமைத்து, வாசகர் பின்னூட்டத்துக்குத் திறந்துவிட்டது. இயக்குநரும் அதில் எழுதினார். வாசகர்கள் அவரிடமே நேராகக் குறை சொன்னார்கள்.

இன்னும் பொருத்தமான உதாரணம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம். 2008 ஜனவரியில் அது ஏறக்குறைய 3,000 பழைய புகைப்படங்களை ஃப்ளிக்கரில் வைத்து, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டது. இது எந்தத் தெரு, அந்த ஆட்டக்காரர் யார், படம் எந்த ஆண்டில் எடுத்தது என்று எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதினார்கள். நூலகர்கள் அவற்றைச் சரிபார்த்து, அவ்வாண்டு முடிவதற்குள் 500-க்கும் மேற்பட்ட பட்டியல் குறிப்புகளைத் திருத்தினார்கள். விருப்பக் குறிகளின் எண்ணிக்கை எங்களுக்கு முக்கியமல்ல. வெளியே நடந்த உரையாடல் நூலகத்தின் சொந்தப் பட்டியலுக்குள் திரும்பி வந்தது என்பதே செய்தி. நாளை ஃப்ளிக்கர் இல்லாமற் போனாலும் அந்தத் திருத்தங்கள் அங்கேயே இருக்கும்.

தமிழில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் எத்தனை விவாதங்கள்! புதிய எழுத்தாளர்கள் அங்கே உருவானார்கள். அச்சில் கிடைக்காத நூல்களைப் பற்றிய தகவல்கள் அங்கே பரிமாறப்பட்டன. குழுமங்களில் சேர்ந்திருந்த பதிவுகளை நீக்கப்போவதாக யாஹூ 2019-இல் அறிவித்தது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. தனிமனிதர்கள் சிலர் தம்மால் இயன்றதைப் பிரதியெடுத்து வைத்திருக்கக்கூடும். இதைக் காப்பது தன் வேலை என்று எந்தப் பொது நூலகமும் முன்வந்ததாக நாங்கள் அறியவில்லை. சிற்றிதழ் ஒன்றின் பழைய இதழைக் கரையான் அரித்தால் வருந்தும் நாமும்கூட அன்று பெரிதாக வருந்தவில்லை.

கருவியைச் சரியாகப் பயன்படுத்தத் தமிழர்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட இழப்பைச் சுமந்த சமூகத்திலிருந்துதான் 2005-இல் நூலகம் திட்டம் பிறந்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி, விக்கி மென்பொருளில் பட்டியலிட்டு, எல்லோருக்கும் திறந்து வைத்தவர்கள் தன்னார்வலர்கள். சார்லட் பட்டியலில் ஒரு காரியமாக இருந்த அதே விக்கிதான். எவருடைய அனுமதிக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை என்பதும், சேர்த்ததைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை. (1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூலகம் போனதே, அதற்காக வண்டியோட்டும் பயிலரங்கு எதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறோம்.)

ஆகவே பொது நூலகத் துறையிடம் நாங்கள் கேட்பது பெரிய தொகையை அல்ல. கிளை நூலகர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரம், வேலை நேரத்துக்குள்ளேயே, இதற்கென ஒதுக்கப்பட வேண்டும். தம் நூலகத்தில் உள்ள நூல்களைப் பற்றித் தம் பெயரில் எழுதலாம், வாசகருக்கு மறுமொழி தரலாம், அதற்காக விளக்கம் கேட்கப்படாது என்று ஓர் எழுத்துபூர்வமான ஆணை வேண்டும். எழுதியதிலும் வாசகர் சொன்னதிலும் ஒரு பிரதி மாவட்ட மைய நூலகத்தின் சொந்தக் கணினியில் சேர வேண்டும். முதல் காரியம் எது என்று கேட்டால், பூட்டிய அலமாரிகளைத் திறந்து, அச்சில் இல்லாத என்னென்ன நூல்களும் சிற்றிதழ்களும் அவற்றில் உள்ளன என்று எழுதி வெளியிடட்டும். தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், வந்து சேர்ந்துவிடுவோம்.