ரயிலுக்கும் நாக்கு உண்டு

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் அடுத்தடுத்துப் பதினேழு ரயில் விபத்துகள். உயிர்ச்சேதம் இல்லை. என் மானம் மட்டும் சிறு காயங்களுடன் தப்பியது.

விஷயம் இதுதான். நாலடிக்கு ஆறடி பிளைவுட் பலகையில் மாடல் ரயில் போட்டிருக்கிறேன். எச்.ஓ. என்று பெயர். நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளத்துக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர். பையனுக்காக வாங்கினது என்பது வீட்டில் சொன்ன காரணம். எண்ணூறு ரூபாய் என்பது வீட்டில் சொன்ன விலை. பி.காம். படித்த முழுப் பயனையும் அன்றைக்குத்தான் அடைந்தேன்.

வட்டமாக ஒரு மெயின் லைன். அதிலிருந்து பிரிகிற ஒரு லூப் லைன். பிரிகிற இடத்தில் ஒரு பாயிண்ட். அங்கேதான் சனி. இன்ஜின் ஜம்மென்று வரும். பாயிண்ட்டைத் தொட்டதும் மூக்கைத் தரையில் உரசிக்கொண்டு படுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பையனுக்குப் பிறந்த நாள். அவன் வகுப்பில் பாதிப் பேரை, 'எங்க வீட்ல ரயில் ஓடுது' என்று அழைத்திருந்தான். ஓடுகிறது என்றுதான் சொன்னானே தவிர, விழுகிறது என்று சொல்லவில்லை.

நான் சும்மா இருப்பேனா? தண்டவாளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். விழுந்தது. இன்ஜினைத் திருப்பி வைத்தேன். விழுந்தது. பெட்டிகளைக் கழற்றினேன். தனியாக வந்து விழுந்தது. சரி, பாயிண்ட் மோட்டாரில்தான் கோளாறு என்று பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.

"என்னங்க, கார் ரிப்பேரா?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1946-லேயே மாணவர்கள் மாடல் ரயில் கிளப் ஆரம்பிச்சாங்க. இப்படி மேஜைக்கு அடியில் படுத்து ஸ்விட்சும் ஒயரும் நோண்டினவங்கதான் பிற்பாடு கம்ப்யூட்டரையும் நோண்டினாங்க. 'ஹேக்'கிற வார்த்தையே அங்கேருந்து பரவினதுதான்!"

"நீங்க நோண்டினதுல புகை வருதே..."

வந்தது. இந்த வகை மோட்டாரில் உள்ளே இருப்பது வெறும் காந்தச் சுருள். ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் கொடுத்து விட்டுவிட வேண்டும். நான் நன்றாகத் தள்ளட்டுமே என்று பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுருள் தீய்ந்தது. வீடு பூராவும் மின்சார வாரியம் மாதிரி வாசனை.

அந்த வாசனைக்குத்தான் அப்பா எழுந்து வந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழுப்புரம் பக்கத்துச் சின்ன ஸ்டேஷன்களில் முப்பத்தைந்து வருஷம் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால், 'ரயில்வே' என்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்று அவர்களாகவே எடுத்துக்கொள்வார்கள். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கல்யாணத்தின்போது பெண் வீட்டாரிடமும் அதே 'ரயில்வே'தான். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். துண்டைச் சரி பண்ணிக்கொண்டார், அவ்வளவுதான்.

ரிட்டையர் ஆனபிறகு எங்களோடு இருக்கிறார். பேப்பர், காபி, ஜன்னல். பலகை பக்கம் வந்ததே இல்லை. நானும் கூப்பிட்டதில்லை.

குனிந்து பார்த்தார். "எந்தப் பக்கத்துலேருந்து வரப்போ விழுதுடா?"

"எல்லாப் பக்கமும்தான்."

"எண்ணிப் பார்த்தியா?"

சுளீரென்றது. டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார் என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ 54-ஐ 45 என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். தப்புக்கும் ஒரு ஜாதகம் உண்டு. அதைப் பார்க்காமல் பரிகாரம் செய்யக்கூடாது. எனக்குத் தெரிந்த பாடம். பொம்மை என்றதும் மறந்துவிட்டேன்.

ஆபீஸ் நோட்டில் நாலு கட்டம் போட்டேன். மெயின் லைனில் போக பத்து தடவை, திரும்பி வர பத்து தடவை. லூப் லைனுக்கும் அதே மாதிரி. அப்பா கையாலேயே பாயிண்ட்டைத் தள்ளினார். நாற்பது ஓட்டம். மூன்று கட்டத்தில் பூஜ்யம். லூப் லைனுக்குள் நுழையும்போது மட்டும் பத்துக்கு ஏழு!

"கோளாறு இன்ஜின்ல இல்ல, மோட்டார்லயும் இல்ல. இந்த நாக்குல" என்றார்.

பாயிண்ட்டில் ஊசிபோலக் கூராகச் சீவிய இரண்டு தண்டவாளம் அசையும். டங் ரெயில் என்பார்கள். நம்மவர்களுக்கு நாக்கு. மெயினுக்கு ஒரு நாக்கு ஓரத் தண்டவாளத்தோடு ஒட்டும், லூப்புக்கு மற்றது. ஒட்டாமல் நுனியில் இடைவெளி இருந்தால், எதிரே வருகிற சக்கரம் அந்தச் சந்தில் நுழைந்துவிடும். திரும்பி வரும்போது சக்கரமே நாக்கைத் தள்ளிக்கொண்டு போவதால் தெரியாது. நாக்கு புரண்டால் மனுஷன் மட்டுமில்லை, ரயிலும் தடம் புரளும்.

"ஒட்டித்தானேப்பா இருக்கு?"

அப்பா பேப்பர் ஓரத்தைக் கிழித்தார். ஒரு நாக்குக்கும் ஓரத் தண்டவாளத்துக்கும் நடுவே வைத்து மூடி இழுத்தார். தாள் வரவில்லை. மற்ற நாக்கில் வைத்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது.

"நிஜ பாயிண்ட்ல மோட்டார் இருந்தா 5 எம்.எம். கட்டையை நாக்குக்கு நடுவுல வெச்சு ஓட்டிப் பார்ப்பாங்க. பூட்டு விழக்கூடாது. விழுந்தா அந்த மிஷின் பொய் சொல்லுதுன்னு அர்த்தம். பொய் சொல்ற பாயிண்ட்டை நம்பி சிக்னல் குடுத்தா என்ன ஆவும்?"

நான் கணக்குப் போட்டேன். 5-ஐ 87-ஆல் வகுத்தால் 0.06 மில்லிமீட்டருக்கும் கீழே. சாதாரணத் தாளே சுமார் 0.1. என் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

பூதக்கண்ணாடியில் குற்றவாளி அகப்பட்டான். ஜல்லிக்குப் பதிலாக நான் சலித்துப்போட்ட மணல். அதை ஒட்ட, வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தேன். ஒரு சொட்டு நாக்கடியில் ஓடி, ஒரே ஒரு மணலோடு காய்ந்துபோயிருந்தது. வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு, மருமகளிடம் ஊக்கு வாங்கி நெம்பினார். கடுகில் பாதி இருக்கும்.

"கொஞ்சம் எண்ணெய் விடுடா."

"இதுல கூடாதுப்பா. தூசு ஒட்டி கரன்ட் வராது. பென்சில் தூள் போடணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பரவால்லையே" என்றார். பி.காம். ரிசல்ட்டுக்குக்கூட அதைச் சொன்னவரில்லை.

மறுபடி பத்து ஓட்டம். பத்தும் பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை. மோட்டார் தீய்ந்துவிட்டதால் பாயிண்ட்டைக் கையால் தள்ள ஆள் வேண்டும். ஸ்டூல் போட்டு அப்பா உட்கார்ந்தார். பன்னிரண்டு வாண்டுகள் "தாத்தா, லூப்பு! தாத்தா, மெயினு!" என்று கத்த, சுண்டுவிரலால் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒட்டியதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

ஒரு பையனின் அப்பா, டை கட்டியவர், கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "உங்க ஃபாதர் ரயில்வேயா சார்? ஸ்டேஷன் மாஸ்டரா?"

'ரயில்வே' என்று பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டது. அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். தலை நிமிரவில்லை.

"ரயில்வேல பாயிண்ட்ஸ்மேன் சார். முப்பத்தஞ்சு வருஷம்."

"அதான்! என்ன கவனம் பாருங்க" என்றார் டை.

அப்பா தோளில் கிடந்த துண்டைச் சரி பண்ணிக்கொண்டார்.

ராத்திரி எல்லோரும் போனபிறகு, பலகையை மூடும்போது மெதுவாகக் கேட்டார்: "ஏண்டா, இது என்ன விலை சொன்னே?"

"எண்ணூறுப்பா."

"தாள் போவுதுடா" என்றார்.