பழைய ஜீப்புக்கு கிரவுன் மாத்தலாமா?

பழைய ஜீப் தேடி பொம்மிடிப் பக்கம் வர்ற டவுன் தம்பிங்க, வாங்கின கையோட பின் ஆக்சிலைக் கழட்டிட்டு வேற வண்டி ஆக்சிலை மாட்டுறாங்க. கூடவே டிஸ்க் பிரேக். பிரேக் சரி. கிரவுன் மாத்துறதுலதான் எனக்கு உடன்பாடில்லை.

பழைய வில்லிஸ் ஜீப்புல பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல். அதாவது ஷாப்ட் 5.38 சுத்து சுத்தினாத்தான் சக்கரம் ஒரு சுத்து. மரவள்ளி மூட்டையோட சேர்வராயன் அடிவாரத்து மண் பாதையில அது திணறாம ஏறுறது அதனாலதான். 11க்கு 41 பல் போட்டா 3.73. ஹைவேயில இன்ஜின் சத்தம் குறையும், இழுவை போயிடும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டின்னா முன்பக்கக் கிரவுனையும் அதே கணக்குக்கு மாத்தணும். இதை யாரும் முதல்ல சொல்றதில்ல.

பிரேக் கதை வேற. தொப்பூர் கணவாய் இறக்கத்துல டிரம் சூடேறிட்டா, மிதிச்சாலும் பிடிக்காது. டிஸ்க் சீக்கிரம் ஆறும். பூஸ்டரும் வைக்கணும், இல்லேன்னா கால் வலிதான் மிச்சம். டீசல் வண்டிக்கு வேக்குவம் பம்பும் வேணும்.

ஆர்.சி.யில பதிஞ்ச கம்பெனி விவரத்துக்கு மாறா வண்டியைத் திருத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நல்லதுதான். ஆனா வேகத்துக்கு மாத்துறதும் உசுருக்கு மாத்துறதும் ஒண்ணா? பிரேக்கை மட்டுமாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஓட்டிப் பார்த்து, ஆர்.சி.யில எழுதிக் கொடுக்க எளிசா ஒரு வழி வேணும்.