வருடுங் கையும் வாயில்லாச் சீவனும்

ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில் குகை வடிவாய் விளங்கும் சேர்வராயன் கோயிலைக் காணும் விருப்பினராய், சென்ற விடுமுறையில் நாம் சிலர் ஏற்காட்டு ஏரிக்கரையினின்றும் கால்நடையாகப் புறப்பட்டோம். மே மாதத்தில் மலையாளிப் பழங்குடி மக்கள் திரளாகக் கூடி விழா எடுக்கும் அவ்விடத்தைக் கண்டு விடுதிக்கு மீண்டபோது, நம் கெண்டைக்கால்கள் கல்லென இறுகிக் கிடந்தன. யூகலிப்டஸ் தைலம் வாங்கி ஒருவர்க்கொருவர் கால் பிடித்துவிட்டோம். வழிநெடுகத் துணையாக வந்த விடுதி நாயும் வாயிலிற் படுத்திருந்தது. நம்முள் ஒருவர் அதன் தொடையை மெல்ல வருட, முதலில் வெருண்ட அது பின்னர்க் காலை நீட்டிக் கொடுத்தது. விரலிடையில் ஒரு முள் தைத்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. “நாய்க்குமா கால் பிடிப்பது? இது செல்வர் வீட்டு ஆடம்பரமன்றோ?” என்று நகைத்தார் மற்றொரு நண்பர். அவர்க்கு நாம் கூறும் விடையே இக்கட்டுரை.

இஃது இன்று தோன்றிய வழக்கமன்று. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் செனபோன், குதிரையின் முதுகெலும்பின்மீது கருவி படலாகாது, கையாலேயே தேய்த்தல் வேண்டும் என்று விதித்தார். நம் நாட்டிலும் குதிரை பேணுங் கலை நூலாக வளர்ந்தது. நகுலன் இயற்றியதாகக் கூறப்படும் வடமொழி அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மஹால் நூல் நிலையத்தார் 1952-இல் அச்சிட்டனர்.

விஞ்ஞானமும் இதற்கு ஒருவாறு சான்று பகர்கின்றது. குதிரைகள் ஒன்றன் பிடரியடியை மற்றொன்று பல்லால் வருடிக்கொடுப்பது இயல்பு. அவ்விடத்தை மனிதர் கையால் வருடினும் குதிரையின் இதயத் துடிப்புத் தணிகின்றது என்று பிரான்சு தேசத்தில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி 1993-இல் வெளியாயிற்று. அன்றியும், நாள்தோறும் பழகிய கை, கண்ணுக்குப் புலனாகாத வெப்பத்தையும் வீக்கத்தையும் சேணப்புண்ணையும் முன்னரே கண்டுகொள்ளும். வாயில்லாச் சீவனுக்கு அக்கையே வாயாகும்.

ஆயினும் எல்லை கடத்தல் தகாது. எலும்பு முறிவு ஐயமுள்ள இடத்தையும் புதுக் காயத்தையும் தேய்த்தல் தீங்கே. குதிரைக்கு வயிற்றுவலி கண்டால் வருடிக்கொண்டு காலங்கழியாமல் கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். நம் கால்களுக்கு இதமளித்த அத்தைலத்தையே நாய்க்கும் பூசத் துணிந்த நண்பரை நாம் தடுத்தோம். நாயும் பூனையும் தம் உடலை நக்குவன. யூகலிப்டஸ் தைலமோ அவற்றுக்கு நஞ்சு. இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. அதுபோலவே, பழையது என்பதாலேயே ஒன்று பயனற்றதும் ஆகாது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்துப் பசுவின் மடிநோய்க்குப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர்களே பரப்பியுள்ளனர். ஆராய்ந்து கொள்வதே அறிவுடைமை.

இனி, நம் உள்ளத்தை உறுத்துவது ஒன்றுண்டு. சிகிச்சைகளுள் முதன்மையானது ஓய்வு. உதகையிலும் கோடைக்கானலிலும் ஏரிக்கரையில் நின்று கோடைப் பிரயாணிகளைச் சுமக்கும் குதிரைகளை நாம் அனைவரும் அறிவோம். மாலையில் முதுகைத் தேய்த்துவிட்டு, மறுநாட் காலையில் அம்முதுகின் புண்மீதே சேணத்தை ஏற்றுவோமாயின், அத்தேய்ப்பினால் விளையும் பயன் யாது? புண்ணுற்ற பிராணியை வேலை வாங்குதல் 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டப்படி குற்றமாம். ஆனால் குதிரைக்காரரைமட்டும் குறைகூறி நாம் தப்பலாகாது. அவர் வீட்டு அடுப்பு அக்குதிரையின் முதுகை நம்பியன்றோ எரிகின்றது! ஏறுவோர் உள்ளவரை அவர் ஏற்றுவார்.

ஆகலின், மாணவ நண்பர்களே, மலையூர்களிற் குதிரையேற விரும்புவீராயின், முதலிற் சேணத்தைத் தூக்கி முதுகைக் காட்டுமாறு பணிவுடன் கேளுங்கள். புண் காணின் ஏறாதீர்கள். இயன்றால், ஏறாமலே கூலியில் ஒரு பங்கை அவர் கையிற் கொடுங்கள். அன்றைய ஓய்வு உங்கள் கொடையாகும். நீரும் நிழலும் மருத்துவர் வருகையும் அக்குதிரைகட்குக் கிடைக்கச் செய்தல் அவ்வூர்களை ஆள்வோர் கடன்.

முள் நீங்கிய அந்நாய் மறுநாட் காலையில் நமக்கு முன்னே ஓடியது. நகைத்த நண்பரே அதன் முதுகை முதலில் வருடினார்.