‘காயம் இல்லை’ என்ற ஒரு வரி

“டொக்டரே காயமில்ல எண்டு எழுதித் தந்திட்டாரு. இதுக்கு மேல என்னத்தக் கதைக்கிற?” கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும், பொலிஸ் அடித்த கதை எது வந்தாலும் இந்த ஒரு பேச்சோடு முடிந்துபோகிறது. பொலிஸ்காரர் மட்டும் இப்படிச் சொன்னால் ஏன் என்று விளங்கும். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர் சொல்கிறார், நாலு பேருக்குப் புத்தி சொல்லும் ஆசிரியர் சொல்கிறார், அடிபட்ட பிள்ளையின் சொந்த மாமாவே சொல்கிறார். வைத்தியர் பார்த்தார், காயம் இல்லை என்றார், ஆகவே அடி விழவில்லை, பையன் பொய் சொல்கிறான். நம் ஊர்களில் வேரோடிப்போன இந்த நம்பிக்கை மருத்துவத்தின்படியும் பிழை, சட்டத்தின்படியும் பிழை. அடித்தவனுக்காக ஊரே கூடிச் சொல்லும் பொய்ச்சாட்சி அது.

அந்த வரி எப்படி எழுதப்படுகிறது என்று முதலில் பாருங்கள். கைதானவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவது பொலிஸ். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவத்தைக் கையில் எடுத்து வருவதும் பொலிஸ். இரவு நேரம். காய்ச்சல் பிள்ளைகளும் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்களும் வரிசையில் நிற்க, கடமையில் இருக்கும் இளம் வைத்தியரின் மேசைக்கு முன்னால் அந்த மனிதரை நிறுத்துகிறார்கள். கையில் விலங்கு, விலங்கின் மறுமுனை பக்கத்தில் நிற்கும் உத்தியோகத்தரின் பிடியில். “ஏதும் காயம் இருக்கா?” என்று வைத்தியர் கேட்கிறார். சட்டையைக் கழற்றிப் பார்ப்பதில்லை. உள்ளங்காலைத் தூக்கிப் பார்ப்பதில்லை. காதுக்குள் வெளிச்சம் பிடிப்பதில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் அதே ஜீப்பில் அதே நிலையத்துக்குத் திரும்பப் போகிறவன், அடித்தவர் தோளை உரசிக்கொண்டு நிற்கும்போது எதைச் சொல்வான்? “ஒண்டுமில்ல சேர்” என்கிறான். அது படிவத்தில் ஏறுகிறது. படிவம் வந்த கைக்கே திரும்பிப் போகிறது.

வைத்தியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆதார வைத்தியசாலையில் இரவுக் கடமை பார்ப்பவர் சட்ட வைத்தியத்தில் விசேட பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால், நாலு வருடம் கழித்து எங்கோ ஓர் ஊருக்கு மாற்றலாகிப் போன பிறகும் கல்முனைக் கோட்டுக்குச் சாட்சிக்கு வரவேண்டும். ஒரு வரியில் முடித்துவிட்டால் எந்தக் கோடும் கூப்பிடாது. இந்தச் சிரமம் உண்மையானது. ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் வைத்தியர் இல்லை.

மருத்துவத்துக்கு வருவோம். அடி என்றால் தழும்பு இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அடிக்கத் தெரிந்தவர்கள் தழும்பு விழாமல் அடிப்பதைத்தான் முதலில் பழகுகிறார்கள். உள்ளங்காலில் அடித்தால் தோல் தடிப்பாக இருப்பதால் கிழியாது. வீக்கம் சில நாட்களில் வற்றிவிடும், நடக்கும்போது வரும் வலி மட்டும் வருடக்கணக்காக நிற்கும். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் அறைந்தால் செவிப்பறை கிழியலாம். வெளியில் ஒரு கீறலும் தெரியாது, சில வாரங்களில் அது தானாகவே மூடியும் போகலாம். பெற்றோல் அல்லது மிளகாய்த்தூள் போட்ட பொலித்தீன் பையால் முகத்தை மூடினால் என்ன தழும்பு விழும்? கையைப் பின்னால் கட்டித் தொங்கவிட்டால் பாதிக்கப்படுவது தோளைச் சுற்றியுள்ள நரம்புகள். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தால்தான் அது பிடிபடும். ஆழத்தில் பட்ட அடியின் கன்றல் தோலுக்கு மேலே வர ஒரு நாள், இரண்டு நாள்கூட ஆகும். பிடித்த அன்றிரவே பார்த்து ‘காயம் இல்லை’ என்று எழுதியவர் பொய் எழுதியிருக்க வேண்டும் என்றில்லை. அந்த நேரத்தில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறைகள் நான் எங்கோ வாசித்த வெளிநாட்டுக் கதைகள் இல்லை. 2007இல் இலங்கைக்கு வந்த ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான விசேட அறிக்கையாளர் மன்பிரட் நோவாக், உள்ளங்கால் அடி, காதில் அறைதல், தொங்கவிடுதல், மிளகாய்த்தூளும் பெற்றோலும் போட்ட பை எல்லாவற்றையும் தன் அறிக்கையில் பதிந்திருக்கிறார். 2010 டிசம்பரில் மிரிஹான பொலிசாரால் பிடிக்கப்பட்ட முன்னாள் இராணுவச் சிப்பாய் ஒருவரின் வழக்கில், ஆணுறுப்பில் தைலம் பூசச் செய்தது சித்திரவதையின் ஒரு பகுதியாக உயர் நீதிமன்றத்துக்கு முன் வந்தது. தைலத்துக்குத் தழும்பு தேடுவது எங்கே? அவருக்குத் தீர்ப்புக் கிடைத்தது 2023 டிசம்பர் 14ஆம் திகதி, பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு. இத்தனை காலம் இழுபடும் வழக்கில், ஆரம்பத்தில் எழுதப்பட்ட தாளைத் தவிர வேறு எது அப்படியே இருக்கும்?

1999இல் ஐ.நா.விடம் கையளிக்கப்பட்ட, சித்திரவதையை விசாரித்துப் பதிவது பற்றிய இஸ்தான்புல் நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. உடலில் அடையாளம் இல்லை என்பதை வைத்துச் சித்திரவதை நடக்கவில்லை என்று முடிவுக்கு வரக்கூடாது. பரிசோதிக்கும் அறைக்குள் பொலிஸ் நிற்கக்கூடாது. மருத்துவ அறிக்கையின் பிரதியை எந்த நிலையிலும் பொலிஸ் கையில் கொடுக்கக்கூடாது. அதற்குப் பக்கத்தில் நம் ஆஸ்பத்திரி நடைமுறையை வைத்துப் பாருங்கள். அறைக்குள் நிற்பவர் பொலிஸ், படிவத்தைக் கொண்டுபோகிறவரும் பொலிஸ். அடித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் கையில்தான் வழக்கின் முதல் சாட்சியம் இருக்கிறது.

இதே ‘காயம் இல்லை’ துருக்கியில் எப்படிக் கவிழ்ந்தது என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1992 நவம்பரில் செக்கி அக்சோய் என்ற குர்து இனத்தவரைப் பிடித்துத் தொங்கவிட்டார்கள். டிசம்பர் 8ஆம் திகதி அரச வைத்தியர் பார்த்தார். அடியின் தடயம் எதுவும் இல்லை என்று ஒரே வசனத்தில் அறிக்கை. கைக்கு என்ன நடந்தது என்று வைத்தியர் கேட்டதற்கு, விபத்து என்று பதில் சொன்னவர் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் என்கிறார் அக்சோய். இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். 15ஆம் திகதி பல்கலைக்கழக வைத்தியசாலைக்குப் போனார். இரண்டு கைகளிலும் நரம்பு செயலிழந்திருப்பதாக அங்கே பதிந்தார்கள். ஒரே மனிதர், ஒரே உடம்பு, ஒரு வாரத்துக்குள் இரண்டு பதிவுகள். வைத்தியசாலையை விட்டுப் போகும்போது மருத்துவ ஃபைலையும் கையோடு எடுத்துப் போய்விட்டார் என்று அரசுத் தரப்பு குறை சொன்னது. அந்தப் பதிவுதான் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் அவருக்காகப் பேசியது. நல்ல சுகத்தோடு காவலுக்குள் போனவர் காயத்தோடு வெளியே வந்தால் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுக்குத்தான் என்று 1996 டிசம்பர் 18ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அக்சோய் அதைக் கேட்க உயிரோடு இல்லை. 1994 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார்.

அதே 1996 டிசம்பர் 18ஆம் திகதி டில்லியில் இந்திய உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கைதானவர் கேட்டால், கைதாகும்போதே உடலில் உள்ள சிறிய, பெரிய காயங்களைப் பதிய வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும், அதன் பிரதி அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும், காவலில் 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வைத்தியர் பார்க்க வேண்டும். அப்படியிருந்தும் 2020 ஜூனில் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் பொலிஸ் பிடித்த ஜெயராஜும் பென்னிக்ஸும் சிறைக்கு அனுப்பத் தகுதியானவர்கள் என்று அரச வைத்தியரின் சான்றிதழோடுதான் கோவில்பட்டி சிறைக்குப் போனார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். தாளில் வைத்தியரின் கையெழுத்து இருந்தது என்பதற்காக அதை யார் இன்று நம்புகிறார்கள்?

தூரத்துக்குப் போகாமல் பக்கத்து மட்டக்களப்பு மாவட்டத்துக்கு வருவோம். 1993இல் பிடிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு எதிராக இருந்த சாட்சியம் அவருக்குத் தெரியாத சிங்கள மொழியில் தட்டச்சிட்ட ஒரு வாக்குமூலம், அதில் அவரது பெருவிரல் அடையாளம். முதுகில் தழும்பும் இடது கண்ணில் நிரந்தரப் பாதிப்பும் இருப்பதாக மருத்துவ அறிக்கை சொன்னது. நாம் கேட்கும் தழும்பு இங்கே இருந்தது, எழுத்திலும் இருந்தது. நீதவானிடம் அவர் முறையிடவில்லையே என்று சொல்லி நீதிமன்றம் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், வாக்குமூலம் வற்புறுத்தி எடுக்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டியவர் அடிபட்டவர். 50 வருடச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. நிரூபிக்கும் சுமையை அவர்மேல் போட்டது தவறு என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காயம் இல்லாவிட்டால் அடிக்கவில்லை. காயம் இருந்தால் ஏன் அப்போதே சொல்லவில்லை. இரண்டு வாசலும் அடைபட்ட வீட்டில் உண்மை எப்படி உள்ளே வரும்?

அந்தச் சட்டம் திருக்கோவில், காரைதீவுப் பிள்ளைகள்மேல் பாய்ந்த காலத்தில் அது தமிழர் பிரச்சினை என்று நம்மில் பலர் இருந்தோம். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருது வெடிப்புக்குப் பிறகு அதே சட்டம் நம் பிள்ளைகளைத் தேடி வந்தது. குற்றம் செய்தவர்களும் இருந்தார்கள், எதுவும் அறியாதவர்களும் இருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவே அந்த மாதங்களில் ஊர் பயந்தது.

“குற்றவாளிக்கு இதெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்பவர்களுக்கு 1987இல் அமல் சுதத் சில்வா வழக்கில் நம் உயர் நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. மனுதாரர் கைதேர்ந்த குற்றவாளியாகவே இருக்கட்டும், அரசியலமைப்பின் பாதுகாப்பு அவருக்கும் உண்டு. சித்திரவதையைத் தடுக்கும் 11ஆம் உறுப்புரை நல்லவர், கெட்டவர் என்று ஆள் பார்க்கவில்லை. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதை செய்தவருக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை என்கிறது. அடிக்காத பொலிஸ்காரரைக் காப்பாற்றுவதும் ஒழுங்காக எழுதப்பட்ட மருத்துவப் பதிவுதான்.

இன்னொரு சாட்டும் சொல்கிறார்கள். நோயாளியின் விவரம் இரகசியமாம், கொடுக்க முடியாதாம். இரகசியம் யாருடையது? அடிபட்டவருடையது. அதைத் திறக்கும் உரிமையும் அவருடையது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் மருத்துவப் பதிவுகளை மற்றவருக்குக் கொடுப்பதைத் தடுக்கிறது, சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை இல்லை என்றும் அதே பிரிவில் சொல்கிறது. கைதியின் காயத்தைப் பொலிஸ் வாசிக்கலாம், கைதியின் உம்மா வாசிக்கக்கூடாது என்பது எந்த வகை இரகசியம்? நோயாளிக்காக எழுதிவைத்த பாதுகாப்பை நோயாளிக்கு எதிராகத் திருப்புவதை ஊர் ஏற்றுக்கொள்ளக்கூடாது.

ஆகவே அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு வந்தால், “படியால விழுந்த எண்டு சொல்லுங்க மகன், கேஸ் வேணாம்” என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நடந்ததை அவர் வாயால் சொல்லி எழுத வையுங்கள், இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் காட்டுங்கள். வாட்டில் வைத்திருந்தால் துண்டு வெட்டும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கட்டில் சீட்டின் பிரதிக்கு வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் அடிபட்டவரின் கையெழுத்தோடு விண்ணப்பம் கொடுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது, ஆவணங்களை வரவழைக்கும் அதிகாரமும் ஆணைக்குழுவுக்கு இருக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் தவணையில் சேராது. ஒரு மாதம் தவறினால் அந்த வாசல் அடைபட்டுவிடும். தாமதிக்காமல் போங்கள்.