குருதிப் பரிசோதனையும் கஞ்சாப் பழக்கமும்

வெள்ளவத்தையில் வசிக்கும் தாயார் ஒருவர் வினவியிருக்கிறார்: "கல்லூரி மாணவனான என் மகன் கஞ்சா புகைக்கப் பழகிவிட்டான். சில மாதங்களாக வயிற்றுவலியும் வாந்தியும் அவனை வாட்டுகின்றன. வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார். அதில் இப்பழக்கம் வெளிப்பட்டுவிடுமோ? நாமாகச் சொல்லத்தான் வேண்டுமோ?"

முதல் வினாவுக்கு விடை எளிது. காலி வீதியிலுள்ள எந்த ஆய்வுகூடத்திலும் வழக்கமாகப் பார்ப்பவை குருதி அணுக்களின் தொகை, சீனி, கொழுப்பு, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலை என்பனவே. இவற்றுள் ஒன்றேனும் கஞ்சாவைத் தேடுவதன்று. அதைத் தேடுவதற்கென்றே தனிச் சோதனை உண்டு. அதற்கும் பெரும்பாலும் சிறுநீரையே எடுப்பர். கஞ்சாவின் மயக்கச் சத்தை 1964இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகளான மெக்கூலமும் காவோனியும் தூய நிலையிற் பிரித்தெடுத்தனர். அது கொழுப்பிற் கரைவது. ஆதலால் உடலின் கொழுப்பிற் புகுந்து மெல்ல மெல்லவே வெளியேறும். எப்போதோ ஒருமுறை புகைத்தவரின் சிறுநீரில் அதன் கழிபொருள் சில நாள்களே தென்படும்; நாள்தோறும் புகைத்தவரிடம் வாரக்கணக்கில் நிற்கும்.

ஆயினும், பரிசோதனையில் தெரியாது என்பதும் பரிசோதனையைப் பாதியாது என்பதும் ஒன்றல்ல. கஞ்சா பசியைத் தூண்டும். காலையில் வெறுவயிற்றோடு குருதி கொடுக்கவேண்டியவன் நள்ளிரவில் பாணும் சீனிச்சம்பலும் உண்டுவிட்டு வாய்திறவாதிருந்தால், சீனியின் கணக்குப் பிழைக்கும். பழி ஆய்வுகூடத்தின்மேல் விழும்!

இந்தத் தாயாரின் கடிதத்தில் நம் மனத்தை உறுத்தியது வாந்தி என்ற சொல்லே. நெடுங்காலம் கஞ்சா புகைத்தோர் சிலருக்கு ஓயாத வாந்தி உண்டாவதை 2004இல் அவுஸ்திரேலிய வைத்தியர்கள் விரிவாக எழுதினர். வெந்நீரிற் குளித்தால் மட்டும் சற்றே தணியும் என்பது அதன் விசித்திரம். வாந்தி மிகும்போது உடலின் நீர் வற்றும்; பொற்றாசியம் குறையும்; சிறுநீரகம் பழுதுற்றதுபோல் கிரியற்றினின் உயரும். காரணம் அறியாத வைத்தியர், குடலுக்குள் குழாய்விட்டுப் பார்ப்பதுமுதல் எத்தனையோ சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்விப்பார். புகைத்தலை நிறுத்துவதே இதற்கு மருந்து. மகனுக்கு இருப்பது இதுதான் என்று கடிதத்தைக்கொண்டு நாம் கூறமாட்டோம். ஆனால் வைத்தியர் இதனை எண்ணிப்பார்க்க வேண்டுமாயின், அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமன்றோ?

இளைஞர் மட்டுமே இதிற் சேர்ந்தவர் என்று எண்ணற்க. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சுதேச வைத்தியத்திற் கஞ்சாவைப் பயன்படுத்த இடமளிக்கிறது. மதனமோதகம் போன்றவற்றில் அது சேர்வதுண்டு. கொட்டாஞ்சேனையில் இருதய வால்வு மாற்றிக்கொண்ட முதியவர் ஒருவர், குருதி உறையாதிருக்க வாபரின் மாத்திரை உண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறைதலை அளக்கும் ஐ. என். ஆர். எண் அவருக்கு வைத்தியர் குறித்த எல்லைக்குள் நிற்க வேண்டும். நித்திரைக்கென்று அவர் கஞ்சா சேர்ந்த லேகியம் உண்ணத் தொடங்கினால், ஈரல் வாபரினைக் கழிக்கும் வேகம் குறைந்து, அந்த எண் ஏறிவிடக்கூடும். அப்போது முரசிலோ மூளையிலோ குருதி கசியலாம். இங்கே பரிசோதனை பொய் சொல்லவில்லை. எண் ஏறியதன் காரணந்தான் மறைந்துகிடக்கிறது. லேகியத்தை மருந்தென்று கருதாமல் வைத்தியரிடம் சொல்லாது விடும் வழக்கம் நம் வீடுகளில் மிகுதி.

இனி இரண்டாவது வினா. புகைப்பதற்காகக் கஞ்சா வைத்திருப்பது இலங்கையிற் குற்றம் என்பதால் தாயார் அஞ்சுவது இயல்பே. எனினும் நோயாளி கூறுவதைப் பிறர் அறியாமற் காப்பது வைத்தியரின் தொழிற்கடன். எவ்வளவு காலமாக, வாரத்தில் எத்தனை முறை, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் குருதி எடுக்குமுன்னரே சொல்லிவிடுவது நலம். சத்திரசிகிச்சை நேர்ந்தால் மயக்கமருந்து கொடுப்பவருக்கும் இவை தெரிந்தாக வேண்டும்.

அதை மகன் தன் வாயாற் சொல்வதே நல்லது. அவன் பேசும்வரை அன்னையார் சில நிமிடம் அறைக்கு வெளியே அமர்ந்திருக்கட்டும்.